ஆறு கோட்டு ராஸ் வளர்க்க விரும்பும் கொழும்பு அன்பர்களுக்கு

வீட்டுப் பவளத் தொட்டியில், அதாவது உயிருள்ள பவளம் வளர்க்கும் உப்புநீர்த் தொட்டியில், ஆறு கோட்டு ராஸ் (six-line wrasse) எனும் சிறிய கடல் மீனை வளர்ப்பது பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும். கேட்டவரின் ஊர் முன்னால் உள்ளது.

வெள்ளவத்தை: அண்ணா, என் தொட்டி 60 லீற்றர். ஆறு கோட்டு ராஸ் ஒன்று விடலாமா?

வேண்டாம் தம்பி. ஏழெட்டு சென்ரிமீற்றர்தானே வளரும் என்று நினைப்பீர்கள். நீளத்தை விட அதன் சுறுசுறுப்பைத்தான் பார்க்கவேண்டும். விளக்கு எரியும் நேரமெல்லாம் பாறைக்குப் பாறை பாய்ந்து, ஒவ்வொரு பொந்தாகத் துழாவித் திரியும் மீன் அது. 100 லீற்றருக்கு மேல் இடம் கொடுங்கள். சிறிய தொட்டிதான் உண்டு என்றால் போசம் ராஸ் (possum wrasse) எனும் வேறொரு சிறிய ராஸ் இனத்தைத் தேடுங்கள். கூச்ச சுபாவம், வீண் சண்டைக்குப் போகாது.

தெஹிவளை: வாங்கிய மறுநாள் காலை, தொட்டிக்குப் பின்னால் தரையில் காய்ந்து கிடந்தது. தண்ணீரில் பிழையா?

தொட்டிக்கு மூடி இருந்ததா? ராஸ் மீன்கள் திடுக்கிட்டால் மேல்நோக்கிப் பாயும். புதிய இடத்தில் முதல் சில இரவுகள்தான் மிக ஆபத்தானவை. முழுக் கண்ணாடியால் மூடினால் வெப்பம் தேங்கும். ஆகவே சட்டம் அடித்து, 6 மில்லிமீற்றர் கண்ணியுள்ள மெல்லிய வலையைக் கட்டுங்கள். குழாய் நுழையும் மூலையையும் விடாமல் அடையுங்கள். வலை கட்டி முடியும்வரை அடுத்த மீனை வாங்காதீர்கள். தண்ணீரையும் ஒருமுறை சோதியுங்கள். மீன் கழிவிலிருந்து சேரும் நச்சான அமோனியா இருந்தாலும் மீன் பாயும்.

கொட்டாஞ்சேனை: பகலில் தொட்டி 30 பாகையைத் தாண்டுகிறது. குளிரூட்டி வாங்க வசதியில்லை, ஐயா.

கொழும்பில் எல்லோருக்கும் உள்ள சிக்கல் இதுதான். 25 முதல் 27 பாகை செல்சியஸ் நல்லது. சூடேறிய நீரில் ஒட்சிசன் குறைவாகவே கரையும். பவளமோ மீன் தவிக்கும் முன்பே நிறம் வெளுக்கத் தொடங்கிவிடும். நீர்ப்பரப்பின் மேல் காற்று படும்படி சிறு மின்விசிறி வையுங்கள். ஆவியாதலால் இரண்டு பாகை இறங்கலாம். நம் ஊர்க் காற்றில் ஈரம் மிகுதி என்பதால் மழைக்காலத்தில் அதன் பயன் குறையும். ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே நின்றுவிடும். எனவே குறைந்த அளவை உப்பு நீரால் நிரப்பாதீர்கள். சுத்திகரித்த நன்னீரை நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். விளக்கை உச்சி வெயில் நேரத்தில் அணைத்து, மாலையில் ஏற்றுங்கள். மின்வெட்டுக்காக மின்கலத்தில் இயங்கும் காற்றுப் பம்ப் ஒன்றும் கைவசம் இருக்கட்டும்.

வத்தளை: ராஸை முதலில் விட்டேன். இப்போது புதிதாக வந்த கோபி (goby) எனும் சிறு மீனைக் கடித்து விரட்டுகிறது.

முதலில் விட்டதே காரணம், தங்கச்சி. தொட்டி முழுவதும் தன் ஆட்புலம் என்று அது முடிவுசெய்துவிட்டது. சாதுவான மீன்களெல்லாம் குடியேறிய பிறகு கடைசியாகத்தான் அதை விடவேண்டும். இப்போதைக்குப் பாறைகளின் அடுக்கை மாற்றிப் பாருங்கள். பழகிய பொந்துகள் இடம் மாறினால் உரிமை கொண்டாடுவது சற்றுத் தளரும். வெளியிலிருந்து முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வைத்தால் கோபியை விட்டுத் தன் பிம்பத்தோடு மோதும். அதற்கும் அடங்காவிட்டால் பிடித்துத்தான் ஆகவேண்டும். வலையோடு துரத்தினால் பவளம்தான் உடையும். பிளாஸ்ரிக் போத்தலின் கழுத்தை வெட்டித் தலைகீழாகச் செருகி, உள்ளே இரை வைத்துக் காத்திருங்கள்.

மட்டக்குளி: இரவில் மீனைச் சுற்றி சளி போன்ற பை. நோயா?

நோயில்லை. தூங்குவதற்காக அது தானே சுரக்கும் உறை. விளக்கடித்து எழுப்பாதீர்கள்.

பம்பலப்பிட்டி: உடலில் வெள்ளைப் புள்ளிகள். செம்பு மருந்தைத் தொட்டியில் ஊற்றலாமா?

பவளத் தொட்டியில் ஒரு துளியும் கூடாது. இறால், நத்தை, பவளம் எல்லாம் சாகும். மீனை வேறு தொட்டிக்கு மாற்றிச் சிகிச்சை செய்யுங்கள். ராஸ் இனங்கள் செம்பை எளிதில் தாங்குவதில்லை. குறைந்த அளவில் தொடங்கி, சோதனைக் கருவியால் அளந்தபடியே கூட்டுங்கள்.

கல்கிசை: ஹிக்கடுவையிலிருந்து உயிருள்ள பவளத் துண்டு எடுத்து வரட்டுமா?

எடுக்கவே கூடாது. அது 2002ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட கடல். 1998ஆம் ஆண்டின் பெருவெப்பத்தில் அங்கே வெளுத்து மடிந்தது கொஞ்சமல்ல. எஞ்சியிருப்பதில் கை வைக்க எனக்கு மனம் வராது. உலர் பாறை வாங்கி, மீன் விடாமல் ஓரிரு மாதம் உப்பு நீரை ஓடவிடுங்கள். கழிவை முறிக்கும் நல்ல பற்றீரியா குடியேறும். பிறகு கோப்பிபொட் (copepod) எனும், இறால் இனத்தைச் சேர்ந்த மிகச் சிறிய உயிரினங்களை வாங்கி விட்டால் அவை பாறை இடுக்குகளில் பெருகும். உங்கள் ராஸ் நாள் முழுவதும் தேடித் தின்பது அவற்றைத்தான்.