ப்ரீகாஸ்ட் (முன்கூட்டியே வார்த்த) பாலத் துண்டுகளை இணைக்கும் யுஎச்பிசி (மிக உயர் திறன்) கான்கிரீட்டை மலிவாகச் செய்ய முடியுமா?

முடியும். ஆனால் எதில் மிச்சம் பிடிப்பது, எதில் கைவைக்கக்கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும்.

பாலத்தின் மேல்தளமாகும் ப்ரீகாஸ்ட் டெக் பலகைகளை அடுக்கியபின் நடுவில் விழும் இடைவெளியைச் சாதாரணக் கான்கிரீட்டால் நிரப்பினால், இருபக்கக் கம்பிகளும் ஒன்றன்மேல் ஒன்று நீளமாக ஏறி நிற்க வேண்டும். இடைவெளியின் அகலம் 2 அடியைக்கூடத் தொடும். யுஎச்பிசி கம்பியை அவ்வளவு இறுக்கமாகப் பிடிப்பதால் 16 மி.மீ. கம்பிக்கு 6 அங்குல இடைவெளியே போதும், கம்பி முனையை வளைத்துக் கொக்கி போடவும் வேண்டாம். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலம் 2009-லேயே இப்படிப் பாலங்களை இணைத்தது.

சிக்கல் விலைதான். கம்பெனிகள் மூட்டையில் தரும் ரெடிமேட் கலவை அங்கே கன கஜத்துக்குச் சுமார் 2000 டாலர் என்று கணக்கிட்டிருந்தார்கள். இதற்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஷெரிஃப் எல்-தவில் குழு கண்ட வழி எனக்குப் பிடிக்கும்: சிமெண்டும் இரும்பு உலைக் கசடுத் தூளும் சரிபாதி, கூடவே சிலிக்கா ஃப்யூம் (மிக நுண்ணிய சிலிக்காத் தூள்), நுண்மணல், சூப்பர் பிளாஸ்டிசைசர் (குறைந்த நீரிலேயே கலவையை இளக்கும் மருந்து). எல்லாம் கடையில் கிடைப்பவை. நீராவியில் வேகவைக்காமலே அழுத்த வலிமை 150 எம்பிஏ (மெகாபாஸ்கல்) தாண்டுகிறது.

பொடியில் மிச்சமானபின் பெரிய செலவாக நிற்பது கலவையில் சேர்க்கும் ஸ்டீல் ஃபைபர், அதாவது மெல்லிய எஃகு நார்கள். 13 மி.மீ. நீளம், 0.2 மி.மீ. தடிமன், கலவையின் கன அளவில் 2 சதவீதம் என்றால் கன மீட்டருக்கு 157 கிலோ! இதைக் குறைக்கலாமே என்று எல்லோருக்கும் ஆசை வரும். ஆனால் குறுகிய மூட்டில் கம்பி இழுபடும்போது கான்கிரீட் பிளக்காமல் தைத்து வைப்பதே இந்த நார்கள்தான். அதைக் குறைத்துவிட்டு 6 அங்குலக் கணக்கை அப்படியே வைத்துக்கொள்ள முடியாது.

அப்புறம் சைட் வேலை. நான் பார்த்த ஓரிடத்தில் ஷட்டரிங்கில் (கலவையைத் தாங்கும் அச்சுப் பலகையில்) விரல் நுழையாத இடைவெளிதான். பாதிக் கலவை கீழே ஆற்றுக்குப் போய்விட்டது. தண்ணீர் ஊற்றி ஒழுகுகிறதா என்று முதலில் பார்த்திருக்கலாம். டெக் பலகையின் விளிம்பும் ஜல்லி தெரியும்படி சொரசொரப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். காய்ந்திருந்தால் கலவையின் நீரைக் குடித்துவிடும், பிடிப்பு போய்விடும்.

வெயில் நாளில் தண்ணீருக்குப் பதில் ஐஸ் போடுவார்கள். எப்படியும் முதல் பத்து நிமிடம் மிக்சரில் வெறும் பொடிதான் சுற்றும், பார்ப்பவருக்குக் கை துறுதுறுக்கும். ஒரு குவளை தண்ணீர்கூட அதிகம் ஊற்றிவிடாதீர்கள். பொறுத்தால் அதுவாகவே தேன்போல இளகிவிடும்.