சப் மீட்டரும் தண்டலும்: எங்கே மிச்சம் பிடிப்பது?

கேள்வி: வியாசர்பாடியில் மூன்று குடித்தனம் உள்ள வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். வாடகை 7,500. கணவர் சம்பளம் 22,000. நான் பிளவுஸ் தைப்பதில் மாதம் ஐந்தாயிரம் வரும். பிள்ளைகள் எட்டாவதும் ஐந்தாவதும் படிக்கிறார்கள். ஆள் இல்லாத ரூமில் லைட் எரிய விடமாட்டேன். கரண்ட் மிச்சமாகட்டும் என்று கிரைண்டர் போடாமல் பாக்கெட் மாவுதான் வாங்குகிறேன். பாலைக்கூட அரை லிட்டராகக் குறைத்துவிட்டேன். ஆனாலும் எங்கள் போர்ஷனுக்கென்று ஓனர் வைத்திருக்கும் சப் மீட்டர்படி அவருக்கு யூனிட் 9 ரூபாய் வீதம் இரண்டு மாதத்துக்கு 2,250 கரண்ட் காசு போகிறது. ஒவ்வொரு ஜூனிலும் ஸ்கூல் ஃபீஸ் கட்ட 20,000 ரூபாய் தண்டல் (தினமும் தவணை கட்டும் கடன்) வாங்குகிறோம். இன்னும் எதைக் குறைப்பது?

பதில்: லைட்டில் இருந்தே ஆரம்பிக்கலாம். 9 வாட் எல்.ஈ.டி. பல்பை தினமும் ஒரு மணி நேரம் கூடுதலாக அணைத்து வைத்தால், இரண்டு மாதத்தில் மிச்சமாவது அரை யூனிட் சொச்சம். உங்கள் ஓனர் வாங்கும் ரேட்டில் ஐந்து ரூபாய். கிரைண்டர் இன்னும் வேடிக்கை. வீட்டு டேபிள் டாப் கிரைண்டர் 150 வாட் என்றால், அரை மணி நேரம் ஓடினாலும் ஒரு ரூபாய் கரண்ட் ஆகாது. அந்த ஒரு ரூபாய்க்குப் பயந்து கிலோ 45, 50 ரூபாய்க்குப் பாக்கெட் மாவு வாங்குகிறீர்கள். நாலு டம்ளர் ரேஷன் புழுங்கல் அரிசி, ஒரு டம்ளர் உளுந்து, கொஞ்சம் வெந்தயம் போட்டு அரைத்தால் இரண்டு கிலோவுக்கு மேல் மாவு வரும். ரேஷன் அரிசிக்குக் காசு கிடையாது, செலவெல்லாம் உளுந்துக்குத்தான். கிலோவுக்குப் பதினைந்து ரூபாய் அடங்கும். நாளைக்கே கிரைண்டரைக் கழுவி வையுங்கள்.

உங்கள் கரண்ட் செலவு கூடுவதற்குக் காரணம் லைட் இல்லை, அந்த 9 ரூபாய் ரேட். 2,250 ரூபாயை 9 ஆல் வகுத்தால் 250 யூனிட் வருகிறது. இதே 250 யூனிட் உங்களுக்கென்று தனி ஈபி மீட்டரில் ஓடியிருந்தால் என்ன ஆகும்? 2024 ஜூலையில் வந்த வீட்டுக் கட்டணப்படி முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த 100 யூனிட்டுக்கு 2 ரூபாய் 35 காசு வீதம் 235. மீதி 50 யூனிட்டுக்கு 4 ரூபாய் 70 காசு வீதம் இன்னொரு 235. ஆக மொத்தம் 470 ரூபாய். நீங்கள் கொடுப்பது 2,250. வித்தியாசம் 1,780, அதாவது மாதம் 890. எத்தனை லைட்டை அணைத்தாலும் இது வராது.

ஓனர் அநியாயம் செய்கிறார் என்று உடனே சண்டைக்குப் போக வேண்டாம். அவர் பக்கக் கணக்கையும் பாருங்கள். மூன்று குடித்தனமும் ஒரே இணைப்பில் 250, 250 என்று ஓட்டினால் அவர் மீட்டரில் 750 யூனிட் விழும். 500ஐத் தாண்டிவிட்டால் 101 முதல் 200 வரைக்கான 2.35 சலுகை போய்விடும்; 101 முதல் 400 வரை எல்லாமே 4.70. அப்புறம் 6.30, 8.40, 9.45 என்று ஏறிக்கொண்டே போகும். அவருக்கு வரும் பில் சுமார் 4,300. யூனிட்டுக்குச் சராசரி 5 ரூபாய் 73 காசு. அதோடு தண்ணீர் மோட்டார், மாடிப்படி லைட் செலவும் இருக்கிறது. ஆனால் மூன்று பேரிடமும் 9 ரூபாய் வீதம் வாங்கினால் 6,750 வருமே. அந்த லாபத்தை விட மனம் வராது, அதனால் கேட்டதும் தலையாட்டுவார் என்று நினைக்காதீர்கள்.

இரண்டு விதமாகப் பேசிப் பாருங்கள். ஒன்று, "அண்ணே, ஈபி பில்லைக் காட்டுங்க, மூணு வீடும் ஓடின யூனிட்டுக்குத் தகுந்த மாதிரி பிரிச்சுக்கறோம், மோட்டாருக்குத் தனியா தர்றோம்." அவர் 6 ரூபாய்க்கு இறங்கி வந்தாலே இரண்டு மாதத்துக்கு 750 மிச்சம். மூன்று குடித்தனமும் சேர்ந்து கேட்டால்தான் இது நடக்கும். இன்னொன்று, தனி வாசல், தனி சமையலறை உள்ள உங்கள் போர்ஷனுக்குத் தனி இணைப்பு கேட்டு அவர் விண்ணப்பிப்பது. டெபாசிட் செலவை நீங்கள் ஏற்றுக்கொண்டு வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்று கேட்டுப் பாருங்கள்.

இரண்டுமே நடக்கவில்லையா? அடுத்த வீடு பார்க்கும்போது வாடகையைக் கேட்கும் முன்பு "தனி மீட்டரா, சப் மீட்டரா?" என்று கேளுங்கள். 8,000 வாடகையில் தனி மீட்டர் உள்ள வீடு, இப்போதைய 7,500 வீட்டைவிட மாதம் கிட்டத்தட்ட 400 ரூபாய் மலிவு. புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டைப் பக்கம் வீடு தேடுகிற பலரும் அட்வான்ஸையும் தண்ணீர் வசதியையும் துருவித் துருவிக் கேட்பார்கள், மீட்டரைக் கேட்கமாட்டார்கள்.

சப் மீட்டரிலேயே இருக்கும்வரை ஃபேனைக் கவனியுங்கள். பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும். தினம் 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 67 யூனிட். பி.எல்.டி.சி. ஃபேன் (கரண்ட் குறைவாக இழுக்கும் புது வகை மோட்டார் உள்ளது) 30 வாட்தான், அதே ஓட்டத்துக்கு 27 யூனிட். ஒரு ஃபேனுக்கு 40 யூனிட் மிச்சம், 9 ரூபாய் ரேட்டில் 360 ரூபாய். ஃபேன் விலை இரண்டாயிரத்து ஐந்நூறு, மூவாயிரம் ஆகும். போட்ட காசு ஒன்றரை வருடத்தில் திரும்பிவிடும். வீடு காலி செய்யும்போது கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம், அதனால் வாடகை வீடு என்று யோசிக்க வேண்டாம். தனி மீட்டர் வீட்டுக்குப் போய்விட்டால் இதற்கு அவசரமே இல்லை. அப்புறம் ஃபிரிட்ஜ்: கதவில் ஒரு செய்தித்தாள் துண்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் போய்விட்டது, ராத்திரி பகலாக கம்ப்ரஸர் ஓடுகிறது என்று அர்த்தம். ரப்பரை மட்டும் மாற்றித் தருவார்கள்.

சரி, தண்டல். இதில்தான் எனக்கு உங்கள்மேல் கொஞ்சம் வருத்தம். 20,000 தண்டல் என்றால் கைக்கு 17,000 வந்திருக்கும், மீதியை முன்னாடியே பிடித்திருப்பார்கள். தினம் 200 வீதம் 100 நாள் கட்டியிருப்பீர்கள். 3,000தானே வட்டி என்று தோன்றும். ஆனால் முதல் நாளில் இருந்தே திருப்பிக் கட்டுவதால், முழுப் பணமும் உங்கள் கையில் 100 நாள் இருப்பதே இல்லை. சராசரியாகப் பார்த்தால் பாதிதான் இருக்கிறது. வருடக் கணக்கில் இந்த வட்டி 100 சதவீதத்தைத் தாண்டுகிறது. இதே 17,000 ரூபாயை ஒரு ஜோடி கம்மலை வைத்து வங்கியில் நகைக்கடனாக எடுத்திருந்தால், வருடத்துக்கு 10 சதவீதம் என்று வைத்தாலும் 100 நாளுக்கு 500 ரூபாய்கூட வட்டி வராது. தண்டல்காரர் வாசலுக்கே வந்து கொடுப்பார், கையெழுத்து, காகிதம் எதுவும் கேட்கமாட்டார். வங்கியில் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். அந்த ஒரு மணி நேரத்துக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் கூலி என்று வைத்துக்கொள்ளுங்கள், நீங்கள் எத்தனை பிளவுஸ் தைத்தால் அது வரும்?

இதில் நல்ல சேதியும் ஒன்று இருக்கிறது. ஜூன் பாதியில் ஆரம்பித்து செப்டம்பர் கடைசிவரை தினம் 200 ரூபாய் உங்களால் கட்ட முடிகிறது. மாதம் 6,000! அப்படியானால் அக்டோபர் முதல் மே வரை எட்டு மாதம், மாதம் 2,200 வீதம் எடுத்து வைத்தால் 17,600 வந்துவிடும், தண்டலே வேண்டாம். தையல் காசு கைக்கு வந்த அன்றைக்கே, சம்பளப் பணம் வரும் கணக்கில் இல்லாமல் உங்கள் பெயரில் உள்ள கணக்கில் போடுங்கள். அடுத்த ஜூனில் ஃபீஸ் கட்டிய கையோடு வங்கியில் 12 மாத ஆர்.டி. (மாதாமாதம் ஒரே தொகை போடும் சேமிப்பு) ஒன்று ஆரம்பியுங்கள். மாதம் 1,500 போதும், அடுத்த ஃபீஸுக்கு 18,000 ரூபாயும் மேலே கொஞ்சம் வட்டியும் வந்து நிற்கும். தபால் ஆபீஸ் ஆர்.டி. நம்பகமானதுதான், ஆனால் அது ஐந்து வருடக் கணக்கு, ஸ்கூல் ஃபீஸுக்கு ஒத்துவராது. தெருவில் பிடிக்கும் தீபாவளிச் சீட்டு பக்கம் மட்டும் தயவுசெய்து போகாதீர்கள். பதிவு செய்யாத சீட்டில் ஆள் ஓடிவிட்டால் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான்.

பாலைக் குறைத்ததை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். வளரும் பிள்ளைகளின் பால், முட்டையில் கைவைக்காதீர்கள். ஆவின் மாத அட்டை போட்டுக்கொண்டால் கடை விலையைவிடக் குறைவாகவே கிடைக்கும். காசு வேண்டும் என்றால் ரேஷனில் இருந்து எடுங்கள். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். இரண்டுமே வெளியில் நூறைத் தாண்டும். "போன தடவை பருப்பு வரலை" என்று அந்தப் பக்கமே போகாமல் விட்டுவிடுகிறவர்கள் மாதம் நூற்றைம்பது ரூபாய்க்கு மேல் விடுகிறார்கள்.

மீனுக்கு காசிமேடு பக்கத்தில் இருப்பது உங்கள் அதிர்ஷ்டம், ஆனால் ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். அன்றைக்கு ஊரே அங்கே நிற்கும், விலையும் அதற்கேற்றபடி இருக்கும். செவ்வாய், புதன் கிழமைகளில் விடிகாலையில் பக்கத்து வீட்டு அக்காவையும் கூட்டிக்கொண்டு போய், ஏலத்தில் ஒரு கூடையாக எடுத்து நாலு வீடாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வஞ்சிரம், வவ்வால் என்று போகாமல் மத்தி, நெத்திலி, கானாங்கெளுத்தி எடுத்தால் சத்தும் குறையாது, பாதிக் காசுகூட ஆகாது. நெத்திலியை வீட்டிலேயே ஆய்ந்துவிடலாம், வெட்டுக்கூலி மிச்சம். புரட்டாசியில் வாங்க ஆள் குறைவு, விலை இறங்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த 61 நாளும் மீன் விலை கேட்டால் தலை சுற்றும். அதற்கு முன்பே கருவாடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வருடச் சாமானும் இப்படித்தான். புது மிளகாய், புளி வரும் மாசி, பங்குனியில் கொத்தவால் சாவடிக்கு ஒரு நடை போய் மொத்தமாக எடுத்துவிடுங்கள். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021 மே முதல் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது, போகிற செலவும் இல்லை. மிளகாயை மொட்டை மாடியில் நன்றாகக் காயவைத்து, மல்லியோடு மில்லில் கொடுத்து அரைத்தால் பாக்கெட் மிளகாய்த்தூள் வாங்கவே தோன்றாது.

சின்னப் பாக்கெட்டில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மொத்தமாக வாங்கினால்தான் மலிவு என்பது எல்லாவற்றுக்கும் பொருந்தாது. ஷாம்புவில் ஒரு ரூபாய் சாஷேதான் பெரும்பாலும் பாட்டிலைவிட மலிவு. எண்ணெய், காபித்தூள், பருப்பு ஆகியவற்றில் சின்னப் பாக்கெட் நஷ்டம். இப்போது பாக்கெட்டில் எம்.ஆர்.பி. பக்கத்தில் கிராமுக்கு இவ்வளவு, மில்லிக்கு இவ்வளவு என்று பொடி எழுத்தில் அச்சிடுகிறார்கள். ஆஃபரைப் பார்க்காமல் அதைப் பாருங்கள்.

கேன் தண்ணீரை உலைக்கும் ஊற்றுகிறீர்கள் என்றால் நிறுத்துங்கள். சமையலுக்கு மெட்ரோ வாட்டர் போதும். குடிக்கவும் அதையே கொதிக்க வைத்துக்கொள்ளலாம். 20 லிட்டருக்கு ஆகும் கேஸ் பதினைந்து ரூபாய் அளவுதான், கேன் 35, 40. ஆனால் குழாயில் வாடை அடித்தாலோ கலங்கலாக வந்தாலோ இந்தக் கணக்கு செல்லாது, அன்றைக்குக் கேன்தான். போர் தண்ணீரைக் கொதிக்க வைத்தும் பிரயோஜனம் இல்லை, உப்பு போகாது. துணி துவைக்கவும் மெட்ரோ வாட்டரையே எடுத்து வையுங்கள். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பவுடரை அள்ளி அள்ளிப் போடுவீர்கள்.

கேஸ் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். 40 நாள் வரும் சிலிண்டரை 50 நாளுக்கு இழுத்தால் வருடத்துக்குக் கிட்டத்தட்ட இரண்டு சிலிண்டர் மிச்சம். பருப்பை அரை மணி நேரம் ஊறவைத்து குக்கரில் போடுங்கள். விசில் வந்ததும் தீயைக் குறையுங்கள். ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த பாலை அப்படியே அடுப்பில் ஏற்றாதீர்கள். தீ மஞ்சளாக எரிந்தால் பர்னர் ஓட்டையில் அடைப்பு, பழைய டூத்பிரஷ்ஷும் ஊசியும் வைத்துச் சுத்தம் செய்துவிடலாம். ஐந்து வருடம் ஆன ரப்பர் டியூபை மட்டும் இன்னும் ஓடும் என்று விட்டுவைக்காதீர்கள், அதில் காசு பார்க்கவே கூடாது.