பழைய விடெக்கைக் கொடுத்து டர்போ கார் வாங்கலாமா?

கேள்வி: என்னிடம் 2001-ஆம் ஆண்டு ஹோண்டா சிட்டி 1.5 விடெக் (வேகத்துக்கேற்ப வால்வு திறப்பை மாற்றிக்கொள்ளும் ஹோண்டா இன்ஜின்) இருக்கிறது. மாமனார் வாங்கியது, பிறகு என் பெயருக்கு மாறியது. 1,38,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இன்ஜினைத் திறந்ததே இல்லை. ஏர்பேக் கிடையாது. ஆர்.சி. இந்த ஆண்டோடு முடிகிறது. மகள் கொடைக்கானலில் படிப்பதால் அடிக்கடி மலை ஏறுகிறோம். ஃபோக்ஸ்வாகன் விர்டஸ் 1.5 டர்போவை ஓட்டிப் பார்த்தேன், மனதுக்குப் பிடித்துவிட்டது. ஷோரூமில் என் காருக்கு 55,000 ரூபாயும் எக்ஸ்சேஞ்ச் போனஸாக 30,000 ரூபாயும் தருவதாகச் சொல்கிறார்கள். "இருபத்தைந்து வருஷ வண்டியை இனிமேல் ரோட்டில் ஓட்டவே முடியாது, இப்போதே கொடுத்துவிடுங்கள்" என்றும் சொல்கிறார்கள். கொடுத்துவிடலாமா?
— வாசகர், எஸ்.எஸ். காலனி, மதுரை

பதில்: விர்டஸை வாங்குங்கள். விடெக்கை ஷோரூமில் கொடுக்காதீர்கள். இவை இரண்டும் தனித்தனி வியாபாரங்கள். ஒரே மேசையில் வைத்துப் பேசினால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

முதலில் அந்த மிரட்டலைப் பார்த்துவிடுவோம். பெட்ரோல் காருக்கு 15 ஆண்டு, டீசலுக்கு 10 ஆண்டு என்ற கட்டுப்பாடு டெல்லி வட்டாரத்துக்காகப் பிறந்தது. தமிழ்நாட்டில் சொந்த உபயோகக் கார் 15 ஆண்டு முடிந்ததும் ஆர்.டி.ஓ. ஆய்வில் தேறினால், ஐந்தைந்து ஆண்டுகளாகப் பதிவைப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். உங்கள் காருக்கு இது ஏற்கெனவே இரண்டு முறை நடந்திருக்க வேண்டும். மாறியிருப்பது கட்டணம் மட்டுமே. 2025 ஆகஸ்டில் மத்திய அரசு விதியைத் திருத்தி, 20 ஆண்டைத் தாண்டிய கார்களின் புதுப்பிப்புக் கட்டணத்தை 10,000 ரூபாயாக உயர்த்தியது. பசுமை வரி தனி. அதிகம்தான். ஆனாலும் அது கட்டணம், தடை அல்ல. இந்த வித்தியாசம் தெரியாத உரிமையாளரிடமிருந்து நல்ல வண்டிகள் அடிமாட்டு விலைக்குக் கைமாறுவதைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை.

அடுத்து அந்த 55,000 ரூபாய். ஷோரூமில் மதிப்புப் போட வருபவர் என்ன செய்கிறார் என்று கவனித்தீர்களா? பெயின்ட் தடிமனை அளக்கும் சிறு கருவியைக் கதவிலும் பானெட்டிலும் வைத்துப் பார்க்கிறார், டயரைப் பார்க்கிறார், மீட்டரைப் போட்டோ எடுக்கிறார், பிறகு கைப்பேசியில் மாடலையும் ஆண்டையும் தட்டுகிறார். விலை அந்த ஆண்டிலிருந்துதான் வருகிறது. நிமிடத்துக்கு 6,800 சுற்றில் 106 குதிரைத்திறன் கொடுக்கும், ஒருமுறைகூடத் திறக்காத இன்ஜின் இது என்பதைப் பதிவு செய்ய அந்தச் செயலியில் இடமே இல்லை. அவர் வாங்கும் வண்டி ஒரு தரகருக்குப் போகும், அவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும். ஒவ்வொரு கையும் தன் லாபத்தைப் பார்க்கும். போதாததற்கு, பழைய கார் விற்கும் பதிவுபெற்ற வியாபாரி தன் லாபத் தொகையின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. கட்ட வேண்டும். இந்தச் சுமையெல்லாம் கடைசியில் உங்களுக்குத் தரும் விலையில்தான் கழியும்.

போனஸும் அப்படித்தான். எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் வருகிறவருக்கு ரொக்கத் தள்ளுபடியாகக் கொடுக்க வைத்திருக்கும் தொகையையே பெயர் மாற்றி உங்களிடம் நீட்டும் வழக்கம் உண்டு. ஆகவே முதலில் பழைய காரைப் பற்றி வாயே திறக்காமல், "எக்ஸ்சேஞ்ச் இல்லை, ஆன் ரோடு விலை என்ன?" என்று எழுத்தில் வாங்குங்கள். மதுரையில் ஒன்று, திருச்சியிலோ திருநெல்வேலியிலோ இன்னொன்று என இரண்டு இடத்தில் வாங்குங்கள். பிறகு எக்ஸ்சேஞ்ச் கணக்கைப் போடச் சொல்லுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் விடெக்குக்கு அவர்கள் உண்மையில் தரும் விலை. 85,000 என்று காதில் விழுந்தது 50,000-ஆகச் சுருங்கினாலும் வியப்பதற்கில்லை. இன்னொன்றையும் கேளுங்கள்: பழைய காரை வெளியே விற்று, பெயர் மாறிய ஆர்.சி. நகலைக் காட்டினாலும் போனஸ் கொடுக்கும் திட்டங்கள் சில நிறுவனங்களில் இருக்கின்றன. அவர்களாக வந்து சொல்ல மாட்டார்கள்.

உங்கள் காரின் அருமை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கும் கோயம்புத்தூரிலும், இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக் இருக்கும் சென்னையிலும் இந்தத் தலைமுறை விடெக்கைத் தேடி வாங்குகிற இளைஞர்கள் உண்டு. இந்தியாவில் 2003-இல் அடுத்த தலைமுறை சிட்டி வந்ததும் இந்த வடிவம் நின்றுபோனது. துருப்பிடிக்காத, ஆல்டர் செய்யாத வண்டி இனிக் குறையத்தான் போகிறது. முதலில் புதுப்பிப்பை முடித்து, ஐந்தாண்டு ஆர்.சி.யைக் கையில் வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். ஆர்.சி. முடியப்போகிற வண்டிக்கும் ஐந்தாண்டு மிச்சமிருக்கிற வண்டிக்கும் கிடைக்கும் விலை வித்தியாசம், நீங்கள் கட்டும் கட்டணத்தைவிட நிச்சயம் பெரிதாக இருக்கும்.

யாருக்கு விற்றாலும் ஒரு விஷயத்தில் இரக்கமே காட்டாதீர்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்துவிட்டுச் சாவியைக் கொடுக்கும் பழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. வண்டி மூன்று கை மாறி, எங்கோ ஒருவரை இடித்துவிட்டால், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டத்தின் பார்வையில் உரிமையாளர் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. இழப்பீட்டு வழக்கு உங்கள் வீட்டு வாசலுக்கு வரும். தனிநபருக்கு விற்றால் கூடவே ஆர்.டி.ஓ. அலுவலகம் போய் மாற்றிக்கொடுங்கள். வியாபாரிக்கு விற்றால், அவர் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் விதிப்படி ஆர்.டி.ஓ. அங்கீகாரம் பெற்றவரா என்று கேட்டு, வண்டியை ஒப்படைத்ததைப் படிவம் 29சி மூலம் ஆன்லைனில் பதிவு செய்யுங்கள். அதன் பிறகு பொறுப்பு அவருடையது. அங்கீகாரம் இல்லையென்றால் அவரிடம் விற்க வேண்டாம்.

இனி புதிய கார். கொடைக்கானல் போகிறவருக்கு டர்போவின் நன்மை வெறும் வேகம் அல்ல. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். மேலே போகப் போகக் காற்று மெலியும். டர்போ இல்லாத இன்ஜின் ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கும். வத்தலக்குண்டில் 106 குதிரைத்திறனோடு புறப்படும் உங்கள் விடெக், ஏரிக்கரையில் 85-க்குப் பக்கத்தில்தான் நிற்கும். டர்போவோ வெளியேறும் புகையின் விசையால் ஒரு சிறு விசிறியைச் சுழற்றிக் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால், இந்த இழப்பில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும். தவிர, விர்டஸ் 1.5 இன்ஜின் 250 நியூட்டன் மீட்டர் இழுவையை 1,600 சுற்றிலேயே கொடுத்துவிடுகிறது. கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு இரண்டாவது கியரில் இன்ஜினைக் கதறவிட வேண்டியதில்லை. 2023-இல் குளோபல் என்கேப் மோதல் பாதுகாப்புச் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய கார் என்பதும், மகளை ஏற்றிக்கொண்டு மலை ஏறுகிறவருக்குச் சிறிய விஷயம் அல்ல. ஏர்பேக் இல்லாத காரில் அந்தப் பாதையில் குடும்பத்தோடு போவதை நிறுத்துங்கள் என்றுதான் சொல்வேன். விர்டஸை வாங்கச் சொல்வதற்கு முதல் காரணமே அதுதான்.

இழப்பது எது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். விடெக்கில் சக்தி கடைசியில்தான் வரும். இன்ஜின் சுற்றைக் காட்டும் முள் மேலே ஏற ஏற இன்ஜினின் குரல் மாறி, வண்டி விழித்துக்கொள்ளும் அந்தக் கணத்துக்காகவே அதை ஓட்டியவர்கள் உண்டு. டர்போ காரில் எல்லாம் கீழேயே கிடைத்துவிடும், மேலே போனால் புதிதாக எதுவும் இல்லை. பழைய சிட்டி எடையும் குறைவு, தாழ்ந்த டேஷ்போர்டுக்கு மேலாக ரோடு முழுவதும் தெரியும். இந்த ருசி புதிய காரில் கிடைக்காது. ஷோரூமைச் சுற்றி ஐந்து நிமிடம் ஓட்டியதை வைத்து முடிவு செய்யாதீர்கள். கோரிப்பாளையம் நெரிசலில் ஒரு முறை, நான்குவழிச் சாலையில் ஒரு முறை, வீட்டார் நால்வரும் ஏறிக்கொண்டு ஏ.சி. போட்டு ஒரு முறை ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள்.

கியரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1.5 இன்ஜினில் கிடைக்கும் ஆட்டோமேட்டிக், எண்ணெயில் ஊறாத இரட்டைக் கிளட்ச் வகை. திறந்த சாலையில் அருமையாக மாறும். மாசி வீதிகளைப் போன்ற இடங்களில் அங்குலம் அங்குலமாக நகர்ந்துகொண்டே இருந்தால் கிளட்ச் சூடேறும். உங்கள் ஓட்டம் பெரும்பாலும் ஊருக்குள் என்றால், கூடுதல் வாரண்டியைப் பணம் கொடுத்தாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

விலைக் கணக்கு: 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்குள் நீளமும் 1,200 சி.சி.க்குள் பெட்ரோல் இன்ஜினும் உள்ள கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், மற்ற பெட்ரோல் கார்களுக்கு 40. விர்டஸ் நான்கரை மீட்டர் நீளம், எனவே 40-இல் சேரும். தமிழ்நாட்டின் வாழ்நாள் சாலை வரியும் 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 18. ஷோரூம் விலை 17 லட்சம் என்று வைத்துக்கொண்டால் சாலை வரி மட்டுமே 3,06,000 ரூபாய். டர்போ வேண்டும், இவ்வளவு வரி வேண்டாம் என்றால் ஹூண்டாய் ஐ20 என் லைனையும் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். 998 சி.சி. டர்போ, நான்கு மீட்டருக்குள். கொடைக்கானல் ஏற்றத்துக்கு அதுவும் போதும். 10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்குப் பில்லில் 1 சதவீதம் டி.சி.எஸ். (விற்பவரே வசூலித்து அரசுக்குக் கட்டும் வரி) சேர்ப்பார்கள். அது செலவு அல்ல, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

இன்சூரன்ஸில் 'நோ கிளெய்ம் போனஸ்' காரோடு போவதில்லை, உரிமையாளரோடு வரும். ஐந்து ஆண்டு கிளெய்ம் இல்லாதவருக்குச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 50 சதவீதம் வரை தள்ளுபடி. விற்கும்போது பழைய கம்பெனியிடம் அதற்கான கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள், மூன்று ஆண்டுக்குள் பயன்படுத்தலாம். விடெக்குக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்திருந்தால் இது கிடைக்காது.

நிழலில் நிறுத்த இடமிருந்தால் விற்காமலே வைத்துக்கொள்ளலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்படி வைத்தால் ஒன்றைக் கவனியுங்கள்: இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2001-ஆம் ஆண்டின் ரப்பர் குழாய்களை மனதில் வைத்து வந்தது அல்ல. பெட்ரோல் குழாய்களையும் சீல்களையும் நல்ல மெக்கானிக்கிடம் காட்டி மாற்றுங்கள். டேங்கில் பெட்ரோலை மாதக்கணக்கில் தேங்கவிடாமல் வாரம் ஒரு முறையாவது காரை வெளியே எடுத்து ஓட்டுங்கள்.

கேள்வி: ஆறு வருடம் ஓடிய டர்போ பெட்ரோல் கார் ஒன்று விலைக்கு வருகிறது. என்ன பார்க்க வேண்டும்?
— வாசகி, திருமங்கலம்

பதில்: காலையில், இன்ஜின் முழுவதும் ஆறியிருக்கும்போது போங்கள். போகும் முன்பே "வண்டியை ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம்" என்று சொல்லுங்கள். முதல் ஸ்டார்ட்டில் நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது என்று அர்த்தம். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கு (அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் பாகம்) போகும் குழாயைக் கழற்றச் சொல்லி மெக்கானிக்கை உள்ளே விரல் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். லேசான எண்ணெய்ப் படலம் சகஜம், தேங்கி நின்றால் டர்போவின் சீல் போயிருக்கலாம்.

அதைவிட முக்கியம் சர்வீஸ் பில்கள். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல், மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மீது சுழல்கிறது. ஒரு முறை எண்ணெய் மாற்றத் தவறியிருந்தாலும், மலிவான எண்ணெய் ஊற்றியிருந்தாலும் அடி அங்கேதான் விழும். பில் இல்லாத டர்போ காரை எவ்வளவு குறைவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். வாங்கிய பிறகு, நான்குவழிச் சாலையில் நெடுநேரம் விரட்டி ஓட்டி டீக்கடையில் நிறுத்தினால், ஒரு நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு அணையுங்கள். விற்றவர் மறைத்த குறை பின்னால் தெரியவந்து, அவர் வியாபாரியாக இருந்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம், கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் அங்கே கட்டணமும் இல்லை.

கேள்வி: அப்பா வைத்திருந்த 1970 ஸ்டாண்டர்டு ஹெரால்டு எங்கள் வீட்டு முகப்பில் நிற்கிறது. விற்றுவிட்டு டர்போ கார் வாங்கலாம் என்கிறான் மகன். விண்டேஜ் பதிவு செய்தால் விலை ஏறுமா?
— வாசகர், காரைக்குடி

பதில்: சென்னையில் தயாரான வண்டி, டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் பிறந்ததே இந்த ஹெரால்டின் சேஸிஸிலிருந்துதான் (அடிச்சட்டம்). அவசரப்பட்டு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

2021-இல் வந்த விதிப்படி, 50 ஆண்டைத் தாண்டிய, மூல வடிவம் மாறாத சொந்தக் காரை விண்டேஜாகப் பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும். ஆனால் அப்படிப் பதிந்தபின் அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சி, விண்டேஜ் ரேலி, பெட்ரோல் போடுவது, பழுதுபார்ப்பது போன்றவற்றுக்கு மட்டுமே சாலைக்கு எடுக்கலாம். வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளையார்பட்டி போய்வர வேண்டுமென்றால் சாதாரணப் புதுப்பிப்பே உங்களுக்குச் சரி. ஒரு காலத்தில் பலர் இந்தக் கார்களில் வேறு இன்ஜினைப் பொருத்தினார்கள். முதலில் பானெட்டைத் திறந்து, இன்ஜின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் விலை பேசும் பலம் உங்களிடம் இருக்கிறது. இன்ஜின் மாறியிருந்தால் விண்டேஜ் விண்ணப்பத்துக்குப் பணம் கட்ட வேண்டாம்.