கரடி செய்த உதவி

கேள்வி: ரஷ்யர்கள் 'கரடி உதவி' என்கிறார்களே, கரடி பலத்தோடு செய்த பெரிய உதவி என்றுதானே பொருள்? நாட்டுப்புற வழக்கா, எழுத்தாளர் யாராவது தந்ததா?

பதில்: நன்றி சொல்வதாக நினைத்து ரஷ்ய நண்பரிடம் இதைச் சொல்லித் தொலைக்காதீர்கள். 'மெத்வேஷ்யா உஸ்லூகா' என்றால் உதவப் போய்க் குடியைக் கெடுப்பது. (நீங்கள் செய்த பிழையை ரஷ்யர்களிலேயே சிலர் செய்கிறார்கள் என்பது வேறு விஷயம்.)

ஊற்று, ரஷ்யக் கவிஞர் இவான் கிரிலோவ் 1808இல் வெளியிட்ட 'துறவியும் கரடியும்' என்ற செய்யுள் கதை. தூங்கும் துறவியின் மூக்கில் ஈ. அவருடைய நண்பனான கரடி விரட்டுகிறது, ஈ கன்னத்துக்குப் போகிறது. மறுபடி விரட்டினால் மறுபடி மூக்கு. கரடி கனமான கல்லொன்றை அள்ளிக்கொண்டு குந்துகிறது, மூச்சை அடக்குகிறது, 'இரு, உன்னைக் கவனிக்கிறேன்' என்று மனசுக்குள் கறுவி, ஒரே போடு. நண்பரின் மண்டை இரண்டாகிறது.

வேடிக்கை என்னவென்றால், கதை முழுக்கத் தேடினாலும் 'கரடி உதவி' என்ற சொற்கள் அதில் கிடையாது! 'உதவத் துடிக்கும் முட்டாள் பகைவனை விட ஆபத்தானவன்' என்ற அடிதான் உண்டு. அதுவும் தனிப் பழமொழியாகிவிட்டது. 'கரடி உதவி' கதையைப் படித்தவர்கள் சுருக்கிக்கொண்டது. ஆகவே 'கிரிலோவ் சொன்னார்' என்று மேற்கோள் குறி போடாதீர்கள்.

கதையும் அவருடைய சொந்தச் சரக்கல்ல. பிரான்சின் லா ஃபோன்டேன் 1678இலேயே இதைப் பாடிவிட்டார். அங்கே அடிபடுபவர் தோட்டப் பிரியரான கிழவர். பில்பே என்ற பெயரில் பாரசீகம் வழியாகப் பிரெஞ்சுக்குப் போன இந்தியக் கதைகளுக்குத் தாம் கடன்பட்டதை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். நம் பஞ்சதந்திரத்தில் துறவிக்குப் பதில் அரசன், கரடிக்குப் பதில் குரங்கு, கல்லுக்குப் பதில் வாள். ஈ மட்டும் மாறவே இல்லை.

புத்தகத்தில் பிறந்த வழக்கைச் சொல்லே காட்டிக்கொடுக்கும். இன்னொரு வழக்கைப் பாருங்கள்: 'அ வோஸ் இ நீனே தாம்', அதாவது 'வண்டியோ இன்றும் அங்கேயே'. ஒரே வண்டியை அன்னம் வானத்துக்கும், பைக் என்னும் மீன் தண்ணீருக்கும், நன்னீர்ச் சிங்கிறால் பின்பக்கமும் இழுக்கிற கிரிலோவின் 1814ஆம் ஆண்டுக் கதை. 'இப்போது' என்பதற்கு ரஷ்யர் பேச்சில் 'சிச்சாஸ்' என்பார்கள். 'நீனே' ஏட்டுச் சொல். அது வந்தாலே சந்தேகப்படலாம். ஆனால் இதையும் அப்படியே மேற்கோள் காட்ட முடியாது. கிரிலோவின் கடைசி அடி 'தா தோல்க்கா' என்று, 'ஆனால் ஒன்று' என்கிற தொனியில் தொடங்கும். ஜனங்கள் அதை வெட்டி எறிந்துவிட்டு 'அ' என்ற ஓரெழுத்தை வைத்துக்கொண்டார்கள்.