ஸ்லீப்பிங் மேட்ட விட்டுட்டு போகாதீங்க (வாசகர் கடிதம்)

அண்ணா வணக்கம். வெயில் காலத்துல நாலு நாள் ட்ரெக்கிங் போறோம், ராத்திரி 12 டிகிரி வரைக்கும் இறங்கும்னு சொல்றாங்க. என்னோட ஸ்லீப்பிங் பேக் 1.7 கிலோ, கீழ விரிச்சு படுக்கற மேட் 500 கிராம். தோள் வலிக்குது, வெயில்தானேன்னு மேட்ட வீட்லயே விட்டுடலாமா?

தம்பி, வணக்கம்.

எடைய குறைக்கணும்னு நினைச்சது சரி, ஆனா வீட்ல விட வேண்டியது மேட் இல்ல, அந்த 1.7 கிலோ பேக்தான்.

இப்பவே பேக்க தரைல விரிச்சு உள்ள படுத்து, கைய முதுகுக்கு அடில விட்டு பாருங்க. நெஞ்சுக்கு மேல புசுபுசுன்னு நிக்கும், முதுகுக்கு கீழ அதே சரக்கு தட்டையா நசுங்கி கிடக்கும். குளிரத் தடுக்கறது இறகோ பஞ்சோ இல்ல, அதுக்கு நடுவுல சிக்கி நிக்கற காத்துதான், நசுங்குனா காத்து வெளிய போயிடும் அப்புறம் தரை உங்க உடம்பு சூட்ட விடிய விடிய உறிஞ்சும். அதனாலதான் குவில்ட்னு ஒன்னு வந்துச்சு, முதுகுப்பக்கமே இல்லாத பேக்னு வெச்சுக்கங்க, மேல போத்திக்கறது, கால் பக்கம் மட்டும் பை மாதிரி மூடி இருக்கும். 10 டிகிரி தாங்கற டவுன் (வாத்தோட மெல்லிய இறகு) குவில்ட் 600 கிராமுக்குள்ளயே கிடைக்குது, புழுக்கமா இருந்தா ஒரு கால வெளிய நீட்டிக்கலாம். ஆனா கீழ மேட் இருந்தாத்தான் குவில்ட் வேலை செய்யும்.

ஹேமக் (ரெண்டு மரத்துக்கு நடுவுல கட்டற தொங்கு படுக்கை) பத்தி யாராவது ஆசை காட்டுனா கவனமா இருங்க. நல்ல கோடைல ஒரு தடவ ஹேமக்ல படுத்தேன், கீழ ஒன்னும் போடல. சாயங்காலம் சுகமாத்தான் இருந்துச்சு, மூணு மணிக்கு இடுப்பு ஜில்லுன்னு விறைச்சு முழிச்சேன், அடில காத்து போய்ட்டே இருந்தா கோடைலயும் அப்படித்தான், கடைசில ரெயின் கோட்ட மடிச்சு இடுப்புக்கு கீழ வெச்சுத்தான் விடிய வெச்சேன்.

மேட்ல ஆர் வேல்யூன்னு ஒரு நம்பர் போட்டிருக்கும், தரை குளிர எவ்ளோ தடுக்கும்னு சொல்றது, ஜாஸ்தியா இருந்தா நல்லா தடுக்கும், உங்க 12 டிகிரிக்கு 2 இருந்தா போதும். ஃபோம் மேட் பஞ்சர் ஆகாது, ஆனா ஒருக்களிச்சு படுக்கறவங்களுக்கு இடுப்பெலும்பு தரைல இடிக்கும், அவங்க காத்தடைக்கிறதே வாங்கட்டும்.

குவில்ட்லயோ பேக்லயோ கம்ஃபர்ட், லிமிட்னு ரெண்டு டெம்பரேச்சர் இருந்தா கம்ஃபர்ட்ட மட்டும் பாருங்க. லிமிட்ங்கறது உடம்ப சுருட்டிக்கிட்டு சமாளிக்கற அளவு, அதுல எல்லாருக்கும் நிம்மதியா தூக்கம் வராது. அந்த 12 டிகிரி எந்த உயரத்துக்கு சொன்னதுன்னும் கேட்டுக்கங்க, 1000 மீட்டர் ஏறுனா சுமாரா 6 டிகிரி குறையும். மேகம் இல்லாத ராத்திரில பள்ளத்துல குளிர் வந்து தேங்கும், கொஞ்சம் மேடா பாத்து படுங்க.

டவுன் நனைஞ்சா செத்துடும், அதுமட்டும் ஞாபகம் இருக்கட்டும். மழை, ஈரம் ஜாஸ்தின்னா கொஞ்சம் எடை கூடுனாலும் சிந்தெட்டிக் (செயற்கை பஞ்சு) எடுங்க.

உங்க பழைய மேட்டே இருக்கட்டும். குவில்ட் 600, மேட் 500, மொத்தம் 1.1 கிலோதான் ஆச்சு, முன்ன தூக்குனதுல சரி பாதி. மிச்சமான எடைக்கு ஒரு லிட்டர் தண்ணி கூடுதலா எடுத்துட்டு போங்க.