பழைய பள்ளிக் கதைகளில் கைக்காசும் சர்ச் காணிக்கையும்: கேள்வி பதில்

ஆங்கில விடுதிப் பள்ளிக் கதைகளில் வரும் காசுக் கணக்கு பற்றி வாசகர்களும், அப்படிக் கதை எழுதுகிறவர்களும் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும்.

மீனா: எனிட் பிளைட்டனின் ‘நாட்டியஸ்ட் கேர்ள்’ கதையில் பிள்ளைகளுக்கு வாரம் 2 ஷில்லிங் தருகிறார்கள். அது தாராளமா, கஞ்சத்தனமா?

பதில்: 12 பென்ஸ் 1 ஷில்லிங், 20 ஷில்லிங் 1 பவுண்டு. 1971 பிப்ரவரி 15 வரை பிரிட்டனில் இந்தக் கணக்குதான். ஆக, 2 ஷில்லிங் என்றால் 24 பென்ஸ். கதை வெளிவந்தது 1940இல். அந்த ஆண்டு மே மாதம் உள்நாட்டுக் கடிதத்துக்கான தபால்தலை ஒன்றரைப் பென்னியிலிருந்து இரண்டரையாக ஏறியது. வீட்டுக்கு ஒன்று, பாட்டிக்கு ஒன்று என வாரம் இரண்டு கடிதம் எழுதினால் 5 பென்ஸ் போயிற்று. ஞாயிறு காணிக்கைக்கு 3 பென்ஸ் வைத்தால் மிச்சம் 16. மிட்டாய்க்கும் ரிப்பனுக்கும் அது தாராளம். ஆனால் வாரம் 1 ஷில்லிங் மட்டும் கிடைக்கிற பிள்ளைக்கு இதே செலவுகள் போக மிஞ்சுவது 4 பென்ஸ்தான். எந்தக் கதையிலும் கொடுத்த தொகையைப் பார்க்காதீர்கள், மிச்சத்தைப் பாருங்கள். பாத்திரம் ஏன் கடன் கேட்கிறது, ஏன் பொய் சொல்கிறது என்பதற்கு விடை அந்த மிச்சத்தில்தான் இருக்கும்.

ஜெபராஜ்: அந்தப் பள்ளியில் எல்லார் பணத்தையும் ஒரே பெட்டியில் போடச் சொல்கிறார்களே, நிஜப் பள்ளிகளிலும் அப்படித்தானா?

பதில்: அந்த வொய்ட்லீஃப் பள்ளி ஒரு விதிவிலக்கு. அங்கே பணம் பொதுச்சொத்து. கூடுதலாக வேண்டுமென்றால் வாரக் கூட்டத்தில் எழுந்து நின்று காரணம் சொல்லிக் கேட்க வேண்டும்.

வழக்கமான ஏற்பாடு வேறு. பருவத் தொடக்கத்தில் பெற்றோர் மொத்தமாக ஒரு தொகையை, விடுதிப் பிள்ளைகளைக் கவனிக்கும் மேட்ரனிடமோ இல்லப் பொறுப்பாசிரியையிடமோ கட்டிவிடுவார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் கணக்கேட்டில் ஒரு பக்கம். வாரத்துக்கு ஒரு நாள், பெரும்பாலும் சனிக்கிழமை, வரிசையில் நின்று வாங்க வேண்டும். தபால்தலை, உடைத்த பொருளுக்கான ஈடு, அபராதம் எல்லாம் அந்தப் பக்கத்திலேயே கழியும். 13 வாரப் பருவத்துக்கு வாரம் 1 ஷில்லிங் என்றால் கட்ட வேண்டியது 13 ஷில்லிங்.

பிறந்தநாளுக்கு வரும் பணத்தில்தான் இந்த ஏற்பாடு ஓட்டையாகும். மாமா அனுப்பிய 10 ஷில்லிங் நோட்டைக் கொடுக்காமல் மறைத்த பிள்ளையிடம் பத்து வாரப் பணம் ஒரே நாளில் சேர்ந்துவிடுகிறது. அடுத்து நள்ளிரவு விருந்து, இல்லையென்றால் திருட்டுச் சந்தேகம். ‘நாட்டியஸ்ட் கேர்ள்’ நாயகி எலிசபெத்தும் பெட்டியில் போட வேண்டிய பணத்தை மறைத்துத்தான் தோழிக்குப் பிறந்தநாள் கேக் வாங்குகிறாள். விதியை மீறியது குற்றம், மீறவைத்தது அன்பு. பிளைட்டன் இந்த இரண்டையும் ஒன்றாக நிறுத்திய இடம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஸ்டெல்லா: சர்ச் காணிக்கையைப் பிள்ளைகள் சொந்தக் காசிலிருந்தா போட்டார்கள்? என்ன நாணயம்?

பதில்: இரண்டு வழக்கமும் உண்டு. சில பள்ளிகளில் புறப்படுவதற்கு முன் ஆசிரியை ஆளுக்கொரு நாணயம் கொடுத்துவிட்டு அதைக் கணக்கில் எழுதிக்கொள்வார். மற்ற இடங்களில் பிள்ளையே தன் வாரக்காசிலிருந்து எடுத்துவைக்க வேண்டும். கொடுப்பது என்றால் என்ன என்று பிள்ளைக்குப் புரியவைத்தது இந்த இரண்டாவது முறைதான் என்பேன். முதல் முறையில் அது வெறும் பிடித்தம். ஏழை விதவையின் இரண்டு காசு பற்றி மாற்கு 12ஆம் அதிகாரத்தில் கேட்டுவிட்டு, வேறொருவர் கையில் திணித்த நாணயத்தைத் தட்டில் போடுகிற பிள்ளை என்ன கற்றுக்கொள்ளும்?

நாணயத்துக்கு வருவோம். வெண்கலப் பென்னி பெரியது, ஏறக்குறைய 31 மி.மீ. அகலம், 9.4 கிராம் எடை. தட்டில் விழுந்தால் அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் கேட்கும். வெள்ளி மூன்று பென்ஸ் நாணயமோ 16 மி.மீ., 1.4 கிராம். ‘வெள்ளி போட்டேன்’ என்ற மரியாதையும் கிடைக்கும், கையும் அதிகம் கடிக்காது. காணிக்கைக்கென்றே அதை மாற்றி வைத்துக்கொள்கிற பழக்கம் பெரியவர்களிடமும் இருந்தது. 1937இல் பன்னிரண்டு பக்கமுள்ள பித்தளை நிற மூன்று பென்ஸ் வந்தது. 1930இல் நடக்கும் கதையில் பன்னிரண்டு பக்க நாணயத்தைக் கொண்டுவந்தால் பிழை.

சர்ச்சுக்கு இரண்டிரண்டு பேராக வரிசையில் நடக்கும்போது காசைக் கையுறைக்குள் வைத்துக்கொள்வார்கள். கையுறையைக் கழற்றும்போது அது உருண்டோடும் காட்சி வெறும் நகைச்சுவை இல்லை. வேறு காசு கையில் இல்லாத பிள்ளைக்கு அது நிஜமான பதற்றம்.

தாமஸ்: காணிக்கை வாங்கியது தட்டிலா, பையிலா?

பதில்: 1662ஆம் ஆண்டின் ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகம் திருவிருந்து ஆராதனைக்கு ஒரு நல்ல தட்டத்தைத்தான் சொல்கிறது. துணி வைத்த பையும் பல ஆலயங்களில் இருந்தது. கதைக்கு இது முக்கியம். பையில் என்ன விழுந்தது என்று தெரியாது, பொத்தானைக்கூடப் போட்டுவிடலாம். தட்டில் முடியாது. பக்கத்துப் பெண் என்ன போட்டாள் என்று உங்கள் பாத்திரம் பார்க்க வேண்டுமென்றால் தட்டை நீட்டுங்கள்.

ஹேமா: அபராதத்திலேயே காணிக்கைக் காசும் போய்விடாதா?

பதில்: போகும், கண்டிப்பான விதி இல்லாவிட்டால். 1925இல் தொடங்கிய ‘சாலே பள்ளி’ நாவல் வரிசையில் கொச்சைச் சொல் பேசினால் அபராதம். ஒவ்வொரு நாளும் ஒரு மொழி என்பதால் ஜெர்மன் நாளில் ஆங்கிலம் பேசினாலும் மாட்டிக்கொள்வார்கள். இப்படி ஒரு பள்ளியைப் படைக்கிறவர்கள் வரிசையை முடிவு செய்துகொள்ள வேண்டும்: முதலில் காணிக்கையும் தபால்தலையும் ஒதுக்கி, அதற்குப் பிறகே அபராதம். தலைகீழாக வைத்தால், வாயடக்கம் இல்லாத பிள்ளை ஞாயிற்றுக்கிழமை வெறுங்கையோடு நிற்கும். வீட்டுக்குக் கடிதமும் எழுத முடியாது.

அருள்: அந்தக் காணிக்கை எங்கே போனது?

பதில்: ஆலயச் செலவு, ஊர் ஏழைகள், மருத்துவமனை, மிஷன். பெரிய பள்ளிகள் நகரத்து ஏழைப் பகுதிகளில் தங்கள் பெயரிலேயே மிஷன் நடத்தின. லண்டன் ஹாக்னி விக்கில் ஈட்டன் பள்ளியின் மிஷன் 1880இல் தொடங்கியது. வெளிநாட்டு மிஷன்களுக்குத் தனிப்பெட்டி இருக்கும். அந்தப் பணம் நம் பக்கமும் வந்தது. பாளையங்கோட்டை சாரா டக்கர் கல்லூரியின் பெயருக்குரிய பெண்மணி இந்தியாவுக்கு வந்ததே இல்லை. திருநெல்வேலிப் பெண்பிள்ளைகளின் படிப்புக்காக இங்கிலாந்தில் இருந்தபடியே பணம் திரட்டியவர்.

குமரன்: பள்ளிக் கதைகளில் வரும் சிறுவன் பில்லி பண்டர் எப்போதும் ‘போஸ்டல் ஆர்டர் வரும்’ என்று சொல்லிக் கடன் கேட்கிறானே, அதை ஏன் யாராவது நம்ப வேண்டும்?

பதில்: நம்பத்தக்க விஷயம் என்பதால்தான். 1881 முதல் தபால் நிலையங்களில் விற்ற போஸ்டல் ஆர்டர்தான், வங்கிக் கணக்கில்லாத குடும்பங்கள் பிள்ளைக்குச் சிறு தொகை அனுப்ப எளிய வழி. தபால் நிலையத்தில் கொடுத்தால் காசாக்கலாம். 1908 முதல் 1940 வரை வந்த ‘தி மேக்னெட்’ இதழில் பண்டர் அந்த நம்பிக்கையைத்தான் அடகு வைக்கிறான்.

ரேவதி: 1948இல் நடக்கும் கதை எழுதுகிறேன். நாயகி சேர்த்து வைத்த காசில் தோழிகளுக்கெல்லாம் சாக்லெட் வாங்கலாமா?

பதில்: காசு மட்டும் போதாது. இனிப்புக்கு 1942 ஜூலையில் வந்த ரேஷன், 1949இல் சில மாத இடைவெளி தவிர, 1953 பிப்ரவரி 5 வரை நீடித்தது. பெரும்பாலான காலத்தில் ஆளுக்கு நான்கு வாரத்துக்கு 12 அவுன்ஸ், அதாவது சுமார் 340 கிராம். கூப்பன் இல்லாமல் கடைக்காரர் கொடுக்க மாட்டார். தோழிகளின் கூப்பனையும் சேர்த்து வாங்கட்டும், அல்லது சாக்லெட்டுக்குப் பதில் பென்சில் கொடுக்கட்டும்.

இன்னொன்று: தமிழில் எழுதும்போது ஷில்லிங்கை ரூபாயாக்க வேண்டாம். அன்று 1 ரூபாய்க்கு 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்ற மாற்று விகிதப்படி 2 ஷில்லிங் என்பது 1 ரூபாய் 5 அணா 4 தம்பிடியாக வந்து நிற்கும். அணாக் கணக்கு இன்றைய வாசகருக்கும் அந்நியம்தான். ஷில்லிங்கை அப்படியே விட்டு, முதல் அத்தியாயத்திலேயே நாயகியை ஒரு தபால்தலை வாங்க வையுங்கள். 1940 மே முதல் இருந்த இரண்டரைப் பென்னிதான் 1948இலும் கடித விலை.