வெள்ளைக் குட்டிக்குக் காது கேட்கிறதா?

கேள்வி: எங்கள் ராஜபாளையம் நாயின் குட்டிகளில் ஒன்று கூப்பிட்டால் திரும்புவதே இல்லை. வளர்ந்தால் சரியாகுமா? - வாசகர், விருதுநகர்

பதில்: பிறவிச் செவிடு என்றால் சரியாகாது. பால்வெள்ளை நாய்களில் உள்காதிலும் நிறமிச் செல்கள் இல்லாமல் போவதுண்டு. அப்போது பிறந்து 3-4 வாரத்தில் ஒலியை உணரும் செல்கள் மடிந்துவிடும்.

5 வாரம் முடிந்ததும் சோதியுங்கள். குட்டியைத் தனியறையில் தூங்கவிட்டு, அதன் பின்னாலிருந்து சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். தரையைத் தட்டாதீர்கள், அதிர்விலேயே விழித்துவிடும். கூட்டத்தோடு விட்டால் மற்ற குட்டிகளைப் பார்த்து எழும், நீங்கள் ஏமாந்துவிடுவீர்கள்.

ஒரு காது மட்டும் போன குட்டிதான் பெரிய கவலை. சாதாரணமாகத்தான் நடந்துகொள்ளும், வீட்டுச் சோதனையில் சிக்காது. அதற்கு 'பேயர்' (BAER) என்னும், ஒலிக்கு மூளை காட்டும் மின் அலையைப் பதிவுசெய்யும் சோதனை வேண்டும். தலைத்தோலில் மெல்லிய மின்முனை ஊசிகளைப் பொருத்தி, ஒவ்வொரு காதிலும் 'க்ளிக்' ஒலியைச் செலுத்துவார்கள். கேட்கும் காதுக்குத் திரையில் அலைகள் எழும். கேளாத காதுக்குக் கோடு தட்டையாக ஓடும். இது பரம்பரையாக வரும் குறை என்பதால், ஒரு காது மட்டும் கேளாத நாயையும், எவ்வளவு அழகாக இருந்தாலும், இனப்பெருக்கத்துக்கு விடவே கூடாது. அந்தக் குட்டியை ஈன்ற ஜோடியையும் மறுபடி சேர்க்காதீர்கள்.

செவிட்டுக் குட்டியைத் தெருவில் விட்டுவிடாதீர்கள். கைச்சைகைக்கு நன்றாகவே பழகும். வெளியே போகும்போது மட்டும் கயிறு கட்டாயம்; பின்னால் வரும் வண்டிச் சத்தம் அதற்குக் கேட்காது.